தொப்பித்தோட்டத்தின் பதினோரு பெயர்கள்

தலைமை நாற்காலியில் அமர்ந்தும் அமைதியாக அமர முடியாமல், மேகத்தையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் பாடசாலை அதிபர் யோகேஸ்வரன் ஐயா அவர்களே! திருவிழாவுக்கு வைத்திருந்த பந்தலை இந்த ஒரு நாளுக்குத் தந்து உதவிய மாரியம்மன் ஆலயத்துப் பெரியோர்களே! அந்தப் பந்தலுக்குக் கீழே எல்லோரும் உட்கார வாங்குகளைத் தோளில் சுமந்து வந்து தந்த தேவாலயத்துப் பெரியோர்களே! மேடைக்கு வாருங்கள் என்று மூன்று முறை கூப்பிட்டும், "நம்ம எடம் இதுதாங்க" என்று தேநீர் அண்டாவுக்குப் பக்கத்திலேயே நிற்கும் தோட்டத் தலைவர் செல்லசாமி அண்ணன் அவர்களே!

காலையில் மலை ஏறி, மாலையில் கொழுந்து நிறுத்து, கூடையை இறக்கிய கையோடு முகம் கழுவிப் பூ வைத்து வந்திருக்கும் என் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களின் இடுப்பிலும் தோளிலும் மடியிலும் இருந்துகொண்டு, தலைவருக்கும் அடங்காமல், பேச்சாளருக்கும் பயப்படாமல், நினைத்த நேரத்தில் குரல் எழுப்பும் உரிமை பெற்ற இன்றைய விழா நாயகர்களே, நாயகிகளே! உங்கள் பதினோரு பேருக்கும் என் முதல் வணக்கம். மற்ற எல்லோருக்கும் என் இரண்டாவது வணக்கம்.

கோபிக்காதீர்கள். இன்றைக்கு வரிசை அப்படி.

விழாத் தலைவர் யோகேஸ்வரன் ஐயா எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார். பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சிக்காரிக்கு அதைவிடக் குறைவாகத்தான் தருவார்கள். ஆகவே ஐயா, இங்கே கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்வேன். என்ன ஐயா, கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்? கொட்டகலைப் பாடசாலையில் பதினாறு வருஷம் உங்களோடு படிப்பித்தவள் நான். என் பாடம் மணி அடித்ததும் முடிந்திருக்கிறதா?

என் இடது பக்கம் பாருங்கள். பச்சைக் கதவு, பளபளக்கும் கூரை, வாசலில் ரோஜா நிற ரிபன். வெளியூரிலிருந்து வந்திருக்கும் பத்திரிகைத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார், "இது என்ன, நூலகமா?" இல்லை தம்பி. இது பிள்ளை மடுவம். அம்மா மலையில் கொழுந்து பறிக்கும் நேரத்தில் அவள் பெற்ற பிள்ளை பால் குடித்து, படுத்துத் தூங்கி, பத்திரமாக இருக்கும் இடம். நான் இரண்டு மாதக் குழந்தையாக வந்து படுத்த இடம். என் அம்மா சுகிர்தம் காலையில் என்னை இறக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கிய இடம். பாராளுமன்ற ஆசனம் எனக்கு மக்கள் தந்தது. அதற்கு முன்னால் எனக்கு ஓர் இடம் இருந்தது என்றால், அது இந்த மடுவத்துத் தரையில் விரித்த ஒரு பாய்தான்.

இந்த மடுவத்தைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர் மீனம்மா அக்கா. எங்கே அக்கா? எழுந்து நில்லுங்கள். வெட்கப்படாதீர்கள். கொழும்பில் அந்தப் பெரிய சபையையே திரும்பிப் பார்க்க வைத்தவர், இங்கே முந்தானையால் முகத்தை மூடுகிறாரே!

மீனம்மா அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்குத் தெரியும், வெளியில் இருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் பெரட்டு நடக்கும். பெரட்டு என்றால் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம். அது கலைந்ததும் அம்மாமார் பிள்ளையோடு இங்கே ஓடி வருவார்கள். பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு அக்கா சும்மா அனுப்பமாட்டார். வாசலில் நின்று அம்மா தன் பிள்ளையின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அக்கா உள்ளே இருந்து "இருக்காங்க!" என்று பதில் சொல்வார். அந்தப் பதிலைக் காதில் வாங்கிய பிறகுதான் அம்மா போகலாம். ஆறு மாதக் குழந்தைக்கும் "இருக்காங்க" தான். மரியாதையைக் கவனித்தீர்களா? பால் மணம் மாறாத பிள்ளையை "இருக்கு" என்று சொன்னதில்லை. "இருக்கான்" என்று சொன்னதில்லை. "இருக்காங்க!" அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு எத்தனை தாய்மார் இந்த மலை ஏறினார்கள்! எத்தனை மழையில், எத்தனை பனியில், எத்தனை காய்ச்சலில் ஏறினார்கள்!

சரி, இந்தத் தோட்டத்துக்குப் பெயர் என்ன?

கேட்டீர்களா தம்பி? முன்னூறு பேரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். தொப்பித்தோட்டம்! அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்து மேட்டில் நின்றாராம். காற்று அவர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் போட்டதாம். உடனே வேலையை நிறுத்தச் சொல்லி, நூறு பேரைப் பள்ளத்தில் இறக்கி, பொழுது சாயும்வரை தேட வைத்தாராம். தொப்பி கிடைக்கவே இல்லை. முள் கீறிய காலோடு மேலே ஏறி வந்த நம்மவர்கள், அன்றைக்கே இந்தத் தோட்டத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். காகிதத்தில் வேறு பெயர் இருக்கிறது. எல்டர்வேல் தோட்டம், கீழ்ப்பிரிவு. அந்தப் பெயரை நாம் கலியாணப் பத்திரிகையில் போடுவோம், அடையாள அட்டையில் பார்ப்போம், வாயால் சொல்ல மாட்டோம். இந்த மலைநாட்டில் எந்தத் தோட்டத்துக்குத்தான் இரண்டு பெயர் இல்லை? ஒன்று துரை வைத்தது, மற்றது நாம் வைத்தது.

அன்றைக்குத் துரையின் தொப்பியைத் தூக்கிப்போன அதே காற்று, போன வருஷம் ஆடி மாதம் இந்த மடுவத்தின் கூரையைத் தூக்கிப்போனது. பகல் பத்தரை மணி. உள்ளே பதினோரு பிள்ளைகள். முதல் தகரம் படபடத்தபோதே மீனம்மா அக்கா பிள்ளைகளை இரண்டு இரண்டாக அள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்துக் கோவிலுக்குள் விட்டார். கடைசிப் பிள்ளையோடு அவர் வாசலைத் தாண்டினார், பின்னால் கூரை போனது. ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை. கும்பிட வேண்டிய கை அந்தக் கை!

ஆனால் என் மக்களே, ஒன்று கேட்கிறேன். துரையின் தொப்பி பறந்தபோது நூறு பேர் ஓடினார்கள். நம் பிள்ளைகளின் கூரை பறந்தபோது யார் ஓடி வந்தார்கள்? ஆவணியில் வந்தார்களா? புரட்டாசியில் வந்தார்களா? அதிகாரிகள் வந்தார்கள், படம் பிடித்தார்கள். அளந்து பார்த்தார்கள். "மேலிடத்துக்கு அறிவித்திருக்கிறோம்" என்றார்கள். நம் மலைக்கும் மேலே எந்த இடம் இருக்கிறது என்று செல்லசாமி அண்ணன் கேட்டார். அவர்கள் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குள் ஐப்பசி வந்தது. மழை வந்தது. மழையோடு அட்டை வந்தது.

சுதர்ஷினி, நான் இதைச் சொல்லலாமா? தலையை ஆட்டுகிறாள். சரி, சொல்கிறேன் தங்கச்சி.

சுதர்ஷினிக்கு அப்போது எட்டு மாதக் கைக்குழந்தை. பெயர் அழகன். மடுவம் இல்லை. வீட்டில் பார்க்க ஆள் இல்லை. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். இரண்டு நிழல் மரத்துக்கு நடுவே சேலையில் தொட்டில் கட்டி, மேலே ஒரு பொலித்தீன் விரித்து, அழகனைப் படுக்க வைத்தாள். ஒரு நிரைச் செடியில் பறிப்பாள், ஓடி வந்து பார்ப்பாள். மறு நிரை பறிப்பாள், மறுபடி ஓடி வந்து பார்ப்பாள். மூன்றாம் முறை வந்து பார்த்தபோது பிள்ளையின் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

அட்டை மூக்குக்குள் போயிருந்தது. கொழுந்து ஏற்ற வந்த லொறியில் பிள்ளையோடு ஏறினாள். டவுனுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பிஞ்சு மூக்குக்குப் பக்கத்தில் தன் காதை வைத்துக்கொண்டு, மூச்சு வருகிறதா, மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் அட்டையை எடுத்தார். பிள்ளை பிழைத்தது. பயப்படாதீர்கள் அம்மா, அதோ அந்தப் பையன்தான், ரிபனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறானே அவன்தான்! யாராவது அவனைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் எனக்கு முன்னால் திறப்பு விழாவை அவன் நடத்திவிடுவான்.

அந்த வாரம் நான் அவளைப் பார்க்கப் போனேன். லயத்து வரிசை வீட்டு வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்:

"டீச்சர், மலைக்குப் போனா புள்ளயப் பாக்க முடியல. புள்ளயப் பாத்தா மலைக்குப் போக முடியல. நான் எத விடட்டுங்க?"

நான் கணக்கு டீச்சர். எத்தனையோ கேள்விக்கு விடை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. "தங்கச்சி, இந்தக் கேள்வி உனக்கு இல்லை, எனக்கும் இல்லை. கேட்க வேண்டியவர்களிடம் போய்க் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

தை மாதம் எனக்குக் கேள்வி நேரம் கிடைத்தது. கேள்வியை நானே எழுதினேன். மூன்று பகுதி. (அ) தொப்பித்தோட்டத்துப் பிள்ளை மடுவத்தின் கூரை பறந்ததை அமைச்சர் அறிவாரா? (ஆ) அறிவாரெனில் திருத்தாததற்குக் காரணம் என்ன? (இ) எப்போது திருத்துவார்? வாயில் வந்தது கையில் வந்தது. கையில் வந்தது காகிதத்தில் போனது. நான் செய்த தவறு உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. எனக்கு அமைச்சர் எழுந்து நிற்கும்வரை தெரியவில்லை.

அமைச்சர் எழுந்தார். அவர் சிங்களத்தில் சொன்னார், காதில் மாட்டியிருந்த கருவியில் எனக்குத் தமிழில் கேட்டது. "கௌரவ உறுப்பினர் குறிப்பிடும் பெயரில் இந்த நாட்டில் தோட்டம் எதுவும் பதிவில் இல்லை. ஆகவே விடை: (அ) இல்லை. (ஆ) எழாது. (இ) எழாது."

எழாது! கேள்வியே எழாதாம். முன்வரிசையில் ஒருவர், "உறுப்பினர் கனவில் கண்ட தோட்டம் போலிருக்கிறது" என்றார். ஆளுங்கட்சி சிரித்தது. சொன்னால் என்ன, என் பக்கத்திலேயே இரண்டு பேர் சிரித்தார்கள். என் முகம் சுட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆனால் உட்கார்ந்துவிட்டேன். பிறகு உறுப்பினர்களின் தேநீர் அறையில் ஒரு மூலையில் போய் இருந்து அழுதேன். ஐம்பத்திரண்டு வயதில், வெள்ளைச் சேலையில், சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அப்போது தொலைபேசி அடித்தது. மீனம்மா அக்கா.

"டீச்சர், நம்ம தோட்டம் இல்லைனு சொல்லிட்டாங்களாமே. போன்ல எல்லாரும் பாத்துட்டாங்க. அப்ப நான் இப்ப நிக்கிற எடம் எதுங்க?"

அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன். "தப்பு என்னுடையது அக்கா. காகிதத்துப் பெயரை எழுதாமல் நம்ம பெயரை எழுதிட்டேன்" என்றேன்.

அக்கா சொன்னார்: "தப்பு என்னங்க தப்பு. நம்ம கூப்புடுற பேரத்தானே சொன்னீங்க. இன்னொரு வாட்டி கேளுங்க. இந்த வாட்டி நாங்களும் வர்றோம். இல்லைனு எங்க மொகத்தப் பாத்துச் சொல்லட்டும்."

மாசி மாதம் வந்தார்கள். மீனம்மா அக்காவும் சுதர்ஷினியும் இன்னும் நான்கு அம்மாமாரும். வட்டகொடையில் ரயில் ஏறினார்கள். பொங்கலுக்கு எடுத்த சேலை கட்டியிருந்தார்கள். பாராளுமன்ற வாசலில் காவல்காரர்கள் கைப்பையை வாங்கிக்கொண்டார்கள், தொலைபேசியை வாங்கிக்கொண்டார்கள், குடையை வாங்கிக்கொண்டார்கள். மேலே பார்வையாளர் கலரியில் உட்கார வைத்துச் சட்டம் சொன்னார்கள்: பேசக் கூடாது, கை தட்டக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது. அக்கா என்னிடம் பிறகு சொன்னார், "கோயில்ல கூட இம்புட்டுச் சட்டம் இல்லைங்க."

நான் எழுந்தேன். இந்த முறை இரண்டு பெயரையும் எழுதியிருந்தேன். எல்டர்வேல் தோட்டம் கீழ்ப்பிரிவு, மக்கள் வழங்கும் பெயர் தொப்பித்தோட்டம். ஓட்டையை அடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அமைச்சர் எழுந்தார். அதிகாரி கொடுத்த தாளைப் பார்த்து வாசித்தார்.

"எமக்குக் கிடைத்த அறிக்கையின்படி, அந்த நிலையத்தைத் தற்போது பயன்படுத்தும் குழந்தைகள் எவரும் இல்லை. ஆகவே திருத்த வேண்டிய தேவை எழாது."

என்ன சொல்வீர்கள்? அழுவதா, சிரிப்பதா? கூரை இல்லை, ஆகவே குழந்தைகள் வருவதில்லை. குழந்தைகள் வருவதில்லை, ஆகவே கூரை தேவையில்லை! தை மாதம் தோட்டம் இல்லை என்றார்கள். மாசி மாதம் பிள்ளைகள் இல்லை என்கிறார்கள். பங்குனியில் கேட்டால் கேட்கிற நானே இல்லை என்பார்களோ?

என் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் குற்றச்சாட்டு இல்லை, புள்ளிவிவரம் இல்லை. பதினோரு பெயர் மட்டும் இருந்தது. மேலதிகக் கேள்வி கேட்க எனக்கு உரிமை உண்டு. நான் சொன்னேன்: "கௌரவ சபாநாயகர் அவர்களே, அமைச்சர் இல்லை என்று சொல்கிற பிள்ளைகளின் பெயரை நான் வாசிக்கிறேன். ஒவ்வொருவராக இல்லை என்று சொல்லட்டும்." முதல் பெயரை வாசித்தேன்.

"அழகன்!"

மேலே இருந்து ஒரு குரல் வந்தது.

"இருக்காங்க!"

சபை திடுக்கிட்டது. அத்தனை தலையும் மேலே திரும்பியது. கலரியில் மீனம்மா அக்கா எழுந்து நிற்கிறார்! அவர் எதிர்ப்புக் காட்ட நினைக்கவில்லை ஐயா. யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. பத்தொன்பது வருஷப் பழக்கம்! பிள்ளையின் பெயரை ஒருவர் உரக்கச் சொன்னால் பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியுமா? சொன்ன பிறகுதான் எந்த இடம் என்று ஞாபகம் வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார். வெள்ளை உடை அலுவலர் ஒருவர் அவரை வெளியே கொண்டுபோக விரைந்தார்.

நான் கையைக் கூப்பினேன். "சபாநாயகர் அவர்களே, அவர் இந்தச் சபையை அவமதிக்கவில்லை. அவர் அந்த மடுவத்து ஆயா. பெயர் சொன்னால் பதில் சொல்லித்தான் தாய்மாரை வேலைக்கு அனுப்புவார். அவர் தன் வேலையைச் செய்தார். நாங்கள் எல்லோரும் இங்கே அதற்குத்தானே வந்திருக்கிறோம்?" என்றேன்.

சபாநாயகர் அலுவலரைக் கையால் நிறுத்தினார். "இன்னும் எத்தனை பெயர் இருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார்.

"பத்து, ஐயா."

"வாசியுங்கள்."

வாசித்தேன். கவிஷ்கா. திலக்ஷன். ஜெரோமி. அபிநயா. கலரியில் சத்தம் இல்லை. ஆனால் கீழே இருந்து எனக்குத் தெரிந்தது, பொத்திய கைக்குப் பின்னால் அக்காவின் தாடை அசைந்தது. ஒவ்வொரு பெயருக்கும் அசைந்தது. யதுஷன். லோஜன். ஹரிணி. டில்ஷிகா. நிரஞ்சன். தை மாதம் சிரித்தவர் கூடக் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராவது பெயர், கூரை பறந்தபோது மூன்று மாதக் கைக்குழந்தையாக இருந்தவள்.

"வர்ஷினி!"

அமைச்சர் எழுந்து நின்றார். அதிகாரி கொடுத்த தாளை மடித்து மேசையில் வைத்தார். அவருக்குத் தமிழ் வராது. கலரியை அண்ணாந்து பார்த்தார். மீனம்மா அக்கா சொன்ன அந்த ஒரு சொல்லை, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை போலத் தடுமாறித் தடுமாறிச் சொன்னார்.

"இரு... க்காங்க."

கை தட்டுங்கள், தட்டுங்கள். அவர் ஆளுங்கட்சி, நான் எதிர்க்கட்சி. அவருக்கும் சேர்த்துத்தான் தட்டச் சொல்கிறேன். ஒரு மனிதர் தன் கையில் இருந்த தாளை மடித்து வைத்தார் என்றால், அது சின்னக் காரியம் இல்லை.

பங்குனியில் அவரே வந்தார். வாகனம் இறங்காத பாதையில் நடந்து வந்தார். அவர் காலிலும் அட்டை கடித்தது. அட்டைக்கு எந்தக் கட்சி என்று பார்க்கத் தெரியாதே! கங்காணி உப்புக் கொண்டுவந்து எடுத்துவிட்டார். அமைச்சர் அந்தக் கூரையில்லாத அறையில் நின்று, சுவரில் வரிசையாக அடித்திருந்த பதினோரு ஆணியைப் பார்த்தார். பிள்ளைகளின் தொப்பியும் துணிப்பையும் மாட்டும் ஆணி. "இதில் ஒவ்வொன்றும் யாருடையது?" என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா ஒவ்வோர் ஆணியையும் தொட்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அவருக்கு விளங்கிவிட்டது. இன்றைக்கு ஆவணி. கூரை வந்துவிட்டது.

அதற்காக நான் அவரை விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது. அவர் நடந்து வந்த அந்தப் பாதையைப் பற்றித்தான். இரண்டு பெயரும் போட்டே எழுதியிருக்கிறேன்.

ஆனால் இன்றைக்கு எனக்குச் சண்டை வரவில்லை. மனசெல்லாம் நாளைக் காலையிலேயே இருக்கிறது. நாளைக் காலை பெரட்டு கலையும். சுதர்ஷினி இந்த வாசலுக்கு வருவாள். அழகனை இறக்கிவிடுவாள். அவன் அழுவான், கட்டாயம் அழுவான். அட்டை கடித்த நாளிலிருந்து பத்து மாதமாக அம்மாவின் முதுகை விட்டு இறங்காத பிள்ளை. அவள் பெயரைச் சொல்வாள். உள்ளே இருந்து பதில் வரும். அவள் கூடையைத் தூக்குவாள். ஒரு நிரைக்கு ஒரு தரம் ஓடி வந்து பார்த்தவள், மூச்சு வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டவள், திரும்பிப் பார்க்காமல் மலை ஏறுவாள்.

அவ்வளவுதான் அம்மாமார்களே நான் கேட்டது. வானத்தைக் கேட்டேனா? வளைத்துப்போட்ட நிலத்தைக் கேட்டேனா? ஒரு தாய் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போகும் ஒரு காலைப் பொழுதைக் கேட்டேன். சுதர்ஷினி, அன்றைக்கு உன் கேள்விக்கு விடை தெரியாமல் எழுந்து வந்தேன். இன்றைக்குச் சொல்கிறேன் தங்கச்சி. நீ எதையும் விட வேண்டாம். மலைக்கும் போ, பிள்ளையும் இருப்பான்.

தலைவர் மணியைத் தொடுகிறார், மழையும் தூறத் தொடங்கிவிட்டது. முடிக்கிறேன் ஐயா.

ரிபனை நான் வெட்டப்போவதில்லை. என்னைவிட அதற்கு உரிமையுள்ளவன் ஏற்கனவே பாதியை அவிழ்த்துவிட்டான். நான் இங்கிருந்து பெயரைக் கூப்பிடுகிறேன். மீனம்மா அக்கா, நீங்கள் வாசலுக்குப் போங்கள். இங்கே காவல்காரர் இல்லை, சட்டம் இல்லை, வாயைப் பொத்த வேண்டியதில்லை. அன்றைக்கு விழுங்கிய பத்துப் பதிலையும் இன்றைக்குச் சொல்லுங்கள்.

அழகன்! கவிஷ்கா! திலக்ஷன்!

அக்கா, குரல் ஏன் தழுதழுக்கிறது? அழுதுகொண்டே சொல்லுங்கள், பரவாயில்லை.

ஜெரோமி! அபிநயா! யதுஷன்! லோஜன்!

என்ன இது, எல்லோரும் சேர்ந்து சொல்கிறீர்கள்! சொல்லுங்கள், மேட்டு லயம்வரைக்கும் கேட்கட்டும்.

ஹரிணி! டில்ஷிகா! நிரஞ்சன்! வர்ஷினி!

இன்னும் ஒரு பெயர் பாக்கி. அந்தப் பதினோரு பெயர்த் தாளில் இல்லாத பெயர். எந்தப் பதிவிலும் இல்லாத பெயர். என் தாயும் உங்கள் தாயும் வாயாலேயே காப்பாற்றி வந்த பெயர். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தொப்பித்தோட்டம்!

கேட்டது. எனக்குக் கேட்டது என் மக்களே. மழைக்குள் நின்று கேட்டவர்களுக்கும், மடியில் கிடந்து கேட்டவர்களுக்கும் என் நன்றி. உள்ளே வாருங்கள், புதுக்கூரையின் கீழே ஒரு வாய் தேநீர் குடிப்போம். எல்லோருக்கும் வணக்கம்.